கரண்டி அக்கா விற்கப் போன அக்கார்டியன்

அவளுக்குக் கரண்டி அக்கா என்று பேர் வந்ததற்கும் சமையலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சமையல் அவளுக்கு ஏதோ வரும், சாப்பிட்டவர்கள் குறை சொன்னதில்லை, அவ்வளவுதான்.

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் போனில் புகார் கேட்பது அவள் உத்தியோகம். காலையில் காதில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் கழற்றும்போது காது மடல் சிவந்து கிடக்கும். ஆனால் அந்தக் காதுக்கு ஒரு தேர்ச்சி வந்திருந்தது. "மெஷின்ல தண்ணியே இறங்கலைங்க, நான் ஒண்ணுமே பண்ணலைங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால், அந்த 'ஒண்ணுமே'யில் விழும் அழுத்தத்தை வைத்தே, ஆசாமி ஸ்குரூ டிரைவரோடு உள்ளே இறங்கி ஒரு கை பார்த்துவிட்டார் என்று கண்டுபிடித்துவிடுவாள். "சரிங்க சார், கழட்டின பாகத்தையெல்லாம் ஒரு கவர்ல போட்டு வைங்க, ஆள் வருவாங்க" என்பாள். எதிர்முனையில் கவர் தேடும் சத்தம் கேட்கும்.

இப்படிப்பட்டவளே ஒரு தடவை ஏமாந்தாள். நாற்பது தாண்டிய பிறகு அவளுக்கு பேஸ் கிட்டார் மேல் ஆசை வந்துவிட்டது. ஆபீசில் யாரோ ஓய்வு பெற்ற விழாவில் ஒரு குழு வாசித்தது. பாடகரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி ஆள் தடித்த நாலு தந்திகளை வைத்துக்கொண்டு 'தும்... தும்' என்று தட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அவளுக்குக் காதில் விழவில்லை, வயிற்றில் விழுந்தது. வீட்டுக்கு வந்த கையோடு, பழைய பொருள் விற்கும் ஆப்பில் தேடி, 'அதிகம் பயன்படுத்தாதது, புதுசு போல' என்று போட்டிருந்த ஒன்றுக்கு முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டாள். வந்த கிட்டாரின் கழுத்து வில்லாக வளைந்திருந்தது. தந்தியை அமுக்கப் போனால் விரல் அதளபாதாளத்துக்கு இறங்கியது. விற்றவரின் நம்பர் அன்றைக்கே உயிரை விட்டிருந்தது. படத்தில் இருந்த கிட்டாரே வேறு, எங்கிருந்தோ எடுத்துப் போட்ட படம் என்று பிறகு தெரிந்தது.

மூக்குடைபட்ட அந்த வாரத்தில்தான் கரண்டி பிறந்தது. அடுத்து யாரிடம் விசாரித்தாலும், "உங்க வீட்டுக் கரண்டி ஒண்ணை அது மேல வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்க ஆரம்பித்தாள். கரண்டி இல்லாத வீடு கிடையாது. படத்தைத் திருடிப் போடுகிறவனிடம் கிட்டாரும் இருக்காது, கிட்டார் மேல் கரண்டியும் இருக்காது. பாதிப் பேர் அந்த இடத்திலேயே காணாமல் போனார்கள். ஒருவர் மட்டும், "மேடம், உங்களுக்குக் கிட்டார் வேணுமா, கரண்டி வேணுமா?" என்று கேட்டார். ஆனால் படம் அனுப்பினார். அவரிடமே வாங்கினாள்.

விஷயம் பரவியது. ஆபீசில் ஒருத்தி மகளுக்குக் கீபோர்டு வாங்க வேண்டும் என்றால் இவளைக் கூப்பிட்டுக்கொண்டு போவாள். இவள் பையில் ஒரு ஹெட்போன், ஒரு ஒயர், ஒரு டார்ச். கீபோர்டு என்றால் இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒரு கட்டை விடாமல் அமுக்குவாள். கிட்டார் என்றால் வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பாள். சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப் என்றால் எல்லாக் குமிழையும் மெல்லத் திருகி, கரகரவென்று இரைகிறதா என்று கேட்பாள். திருகாணித் தலை சிராய்ந்திருந்தால், "உள்ள என்ன வேலை நடந்திருக்கு?" என்பாள். எல்லாம் முடிந்த பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "நல்லாத்தானே இருக்கு, ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். விற்பவர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் உண்மையையெல்லாம் கொட்டுவார்.

இவளுடைய வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் நேர் எதிர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் பார்வையையெல்லாம் அளந்து சொல்லுகிறவருக்குத் தன் பார்வை மங்கிவிட்டது என்பதில் மட்டும் நம்பிக்கை இல்லை. கண்ணாடி செய்து மேஜை டிராயரில் வைத்திருக்கிறார், போடுவதில்லை. "கண்ணாடி விக்கிறவனே கண்ணாடி போட்டா, வர்றவனுக்கு அவநம்பிக்கையா இருக்கும்" என்பார். பேச்சும் குறைவு. எதற்கும் 'ம்' தான். அந்த 'ம்' சம்மதமா, மறுப்பா, தூக்கமா என்பது கேட்கிறவர் சாமர்த்தியம். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டாள்.

அப்படித்தான் ஒரு நாள், "பீரோ மேல உங்க அக்கார்டியன் சும்மா கிடக்குதே, வித்துடட்டுமா? என் ஆம்பை வைக்க இடம் வேணும்" என்று கேட்டாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றார்.

அந்த அக்கார்டியன் அவர் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. நெஞ்சில் மாட்டிக்கொண்டு, நடுவில் இருக்கும் மடிப்புத் துருத்தியை இழுத்து இழுத்து அமுக்கி வாசிக்கிற பெட்டி. பெண் பார்க்க வந்தபோது அதைப் பற்றித்தான் பெருமையடித்தார். அதன்பின் அது பெட்டிக்குள் போனது, பெட்டி பீரோ மேல் போனது, 'அடுத்த மாசம் எடுத்து வாசிக்கணும்' என்கிற பேச்சு மட்டும் கீழே தங்கியது.

அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் பெட்டியை இறக்கினாள். தூசி தட்டி, துடைத்து, பிய்ந்த தோள்வாரை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டினாள். பால்கனியில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தன் கொள்கைப்படி அதன் மேல் ஒரு கரண்டியையும் வைத்துப் படம் எடுத்தாள். 'பழசு. பழுது உண்டு. நேரில் பார்த்து வாங்கவும்' என்று எழுதி, 'மாடிவீடு' என்ற பெயரில் ஆப்பில் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஆபீசில் போன் முனகியது. 'இசைப்பிரியன்' என்று ஒருவர்.

"வணக்கம் மேடம். மிகவும் அழகாண வாத்தியம். உடனே வாங்கிக்கொள்கிறேன்."

அவள் அந்த 'அழகாண'வைப் பார்த்தாள். மூன்று சுழி ணகரத்தின் மேல் இப்படி ஒரு தனி வாஞ்சை உள்ள ஆளை உலகத்தில் அவளுக்கு ஒருவரைத்தான் தெரியும். பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேலே பெரிய எழுத்து, கீழே வர வரச் சின்ன எழுத்து. கடைச் சுவரில் தொங்குகிற கண் பரிசோதனை அட்டை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காதில் ஒருவர் துணியெல்லாம் நீலமாகிவிட்டது என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் சார்" என்று அவரைக் காத்திருக்க வைத்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரியிடம் போனை நீட்டினாள்.

"யாருடி இது?"

"என் வீட்டுக்காரர். அவரோட பெட்டியை அவரே வாங்க வந்திருக்கார்."

பக்கத்து சீட்டுக்காரி மேஜைக்கு அடியில் தலையைக் கொண்டுபோய்ச் சிரித்தாள்.

உடனே உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவள் கை சும்மா இருக்கவில்லை. 'ஏதாவது கேட்க வேண்டுமா சார்?' என்று தட்டினாள்.

"ஒன்றும் வேண்டாம் மேடம். படத்தைப் பார்த்தாலே தெரிகிறது."

"என்ன தெரிகிறது?"

"நல்ல மனுஷங்க வீட்டுப் பொருள் என்று."

'அதன் மேல் ஒரு கரண்டி இருக்கிறதே, பார்த்தீர்களா?' என்று கேட்டாள். தினமும் அவருக்குப் பரிமாறுகிற கரண்டி.

"ஓ, கரண்டியா. ஏதோ சாவி என்று நினைத்தேன்."

'முன்பே வாசித்த பழக்கம் உண்டா?' என்று அடுத்த கேள்வியைப் போட்டாள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தபோது நீளமாக வந்தது. வீட்டில் 'ம்'முக்கு மேல் செலவு செய்யாத மனுஷன் இப்படி எழுதியிருந்தார்: "வயசில் வாசித்தேன் மேடம். என்னுடையது வீட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதை எடுத்தால் என் மனைவி டார்ச்சோடு வந்துவிடுவார். அங்கே ஓட்டை, இங்கே விரிசல் என்று சொல்லுவார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும், அதுதான் கஷ்டம். யாரும் சோதிக்காத ஒன்று எனக்கே எனக்கு என்று வேண்டும். கடையிலேயே வைத்துக்கொள்வேன். முன்பணம் அனுப்பட்டுமா?"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. கொஞ்சம் சுருக்கென்றது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. முன்பணம் என்கிற வார்த்தையைப் பார்த்ததும் மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது.

"பொருளைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது சார். யாரும் சொல்லித் தரவில்லையா?"

"சொல்லித் தர வீட்டில் ஆள் இருக்கிறார் மேடம். அதனாலேயே காதில் ஏறவில்லை."

"நேரில் வந்து பாருங்கள்" என்று எழுதிவிட்டு, ஹெட்போனைக் கழற்றி, பக்கத்து சீட்டுக்காரியைப் பார்த்தாள். "உன் வீட்டை ஒரு மணி நேரம் கடனாக் கொடுடி."

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "கடையில இன்னிக்கு யாராவது புதுசாப் பேசினாங்களா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ம்ஹூம்" என்றார் அவர். அந்த 'ஹூ'வில் ஒரு துள்ளல் இருந்தது.

விடுமுறை நாளன்று, நண்பரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் கிளம்புவதற்கு முன்னாலேயே, தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்பிவிட்டாள். பீரோ மேல் காலிப் பெட்டி பழையபடியே இருந்தது. அக்கார்டியன் முந்தின நாளே பக்கத்து சீட்டுக்காரியின் ஸ்கூட்டரில் போர்வை சுற்றிப் போய்ச் சேர்ந்திருந்தது.

பக்கத்து சீட்டுக்காரியின் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு திரைதான். கரண்டி அக்கா திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பக்கத்து சீட்டுக்காரியும் அவரும் நேரில் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பக்கம் பயமில்லை. அவர் வந்தார். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். கண்ணில் கண்ணாடி மட்டும் இல்லை.

"நீங்கதான் மாடிவீடு மேடமா?"

"ஆமாங்க சார்" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. அவள் வீடு தரைத்தளத்தில் இருந்தது. அதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அக்கார்டியனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தார். போச்சு, கட்டிப்பிடித்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடப் போகிறார் என்று கரண்டி அக்கா திரைக்குப் பின்னால் கண்ணை மூடினாள். ஆனால் அவர் துருத்தி விரியாமல் பிடித்திருக்கும் பூட்டுவாரைக் கழற்றினார். ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, எந்தக் கட்டையையும் அமுக்காமல், துருத்தியைத் தானாகத் தொங்க விட்டார். அது 'புஸ்' என்று மூச்சு விட்டபடி மளமளவென்று கீழே இறங்கியது.

"காத்து நிக்கலையே மேடம்" என்றார். "கட்டை எதையும் தொடாம இருக்கும்போது இது இப்படி இறங்கக் கூடாது."

அவள் கண்ணைத் திறந்தாள். ஒவ்வொரு கட்டையையும் அவர் இரண்டு தடவை சோதித்துக்கொண்டிருந்தார், இழுத்து ஒரு தடவை, அமுக்கி ஒரு தடவை. "உள்ள ரீடுன்னு சின்னச் சின்ன நாக்குத் தகடு இருக்கு. இழுக்கும்போது பேசுறது ஒரு ரீடு, அமுக்கும்போது பேசுறது வேற ரீடு. ரெண்டையும் கேக்கணும். இதோ, இது இழுத்தா ஊமை." பிறகு மூக்கை மடிப்பில் வைத்து மோந்தார். "பூஞ்சை வாடை. ஈரத்துல கிடந்திருக்கு." இடது பக்கப் பொத்தான்களை விரலால் வருடிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கினார். "இங்க பாருங்க. ஒரு பொத்தான் உடைஞ்சு போயி, அதுக்குப் பதிலா எவனோ சட்டைப் பட்டனை ஒட்டி வச்சிருக்கான். இவனெல்லாம் வாத்தியத்தைத் தொடலாமா மேடம்?"

"தொடக் கூடாதுங்க சார்" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி, உதட்டைக் கடித்துக்கொண்டு.

"நல்லவங்களா இருக்கீங்க, அதனால சொல்றேன். என் வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க. இந்த விஷயத்துல அவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. நான் பேப்பரைப் படிக்கிற மாதிரி உக்காந்திருப்பேன், அவங்க போன்ல யாருக்காவது சொல்லிட்டு இருப்பாங்க. ஒண்ணு விடாமக் கேட்டுக்குவேன். அவங்க இருந்திருந்தா இதை வாசல்லயே வச்சுப் பார்த்துட்டுத் திரும்பியிருப்பாங்க."

திரைக்குப் பின்னால் கரண்டி அக்கா இன்னும் நெருங்கி வந்து காதைத் துணியில் வைத்தாள். இத்தனை வருஷமாகக் காற்றோடு போனது என்று நினைத்த பேச்செல்லாம் அந்த 'ம்'முக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். எங்கிட்ட ஒண்ணு இருக்கு, இதைவிட நூறு மடங்கு உசத்தி. கையில நல்ல சரக்கை வச்சுக்கிட்டு எதுக்கு இதுக்கு அலையணும்? இப்பவே போயி அதை இறக்கி வாசிக்கப் போறேன். உங்களாலதான் புத்தி வந்துச்சு."

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

திரை விலகியது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் அக்கார்டியனைப் பார்த்தார்கள். நூறு மடங்கு உசத்தியான சரக்கு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"அவர் பஸ்ல போவார். வண்டியை எடுடி" என்றாள் கரண்டி அக்கா.

பூட்டுவாரை மாட்டக்கூட நேரமில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். ஸ்கூட்டர் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கும்போது, நடுவில் நசுங்கிய அக்கார்டியன் ஒரு பாட்டம் முனகியது. சிக்னலில் நின்றபோது அது தானாகவே இறங்கி நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டது. பக்கத்தில் நின்ற கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்தது. தள்ளிக்கொண்டுபோய் பங்க்கில் வரிசையில் நின்றபோது, அவர்கள் கண்ணெதிரிலேயே அவர் ஏறிய பஸ் கடந்து போனது. ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் மாடிப்படி ஏறி வந்தபோது கதவு திறந்தே இருந்தது. அவர் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். கையில் காலிப் பெட்டி.

"காணோம்" என்றார். முகம் வெளிறியிருந்தது. "திருட்டுப் போயிருக்கு."

பிறகுதான் வாசலில் மூச்சு வாங்க நின்ற மனைவியும், அவள் நெஞ்சோடு இருந்த அக்கார்டியனும் கண்ணில் பட்டன. ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"இதைப் போயா வாங்கின?" என்றார். "இப்பதான் நான் வேணாம்னுட்டு வந்தேன். உன்னையுமா அந்தம்மா ஏமாத்திட்டாங்க?"

அவளுக்கு ஒரு வழி பளிச்சென்று தெரிந்தது. ஆமாங்க, ஏமாந்துட்டேன் என்று சொல்லிவிடலாம். அவர் சந்தோஷமாக நம்புவார், வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார். நாள் முழுக்க ஊரார் பொய்யைக் கேட்கிறவளுக்கு ஒரு பொய் சொல்வதா கஷ்டம்? ஆனால் அவர் அந்த வீட்டில் அவளைப் பற்றிச் சொன்னதெல்லாம் இன்னும் காதில் இருந்தது. வாய் வரவில்லை.

"வாங்கலைங்க. இதை நான்தான் விக்கப் போட்டேன்" என்றாள். "மாடிவீடு நான்தான்."

அவர் போய் மேஜை டிராயரைத் திறந்து, கண்ணாடியை எடுத்துத் துடைத்து, மாட்டிக்கொண்டார். அக்கார்டியனை வாங்கி, இடது பக்கத்தைத் திருப்பி, அந்தச் சட்டைப் பட்டனை வெகு நேரம் பார்த்தார்.

"என் நீலச் சட்டைப் பட்டன்" என்றார் கடைசியில். "நான்தான் ஒட்டினேன்."

"தெரியும். ஒட்டினவனை நீங்க திட்டினப்போ நான் அங்க திரைக்குப் பின்னாலதான் நின்னேன்."

"எல்லாத்தையும் கேட்டியா?"

"கேட்டேன்."

அவர் காது நுனி சிவந்தது. அக்கார்டியனைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். அப்புறம் மூன்று நாள் 'ம்' கூட வரவில்லை. ஒரு 'ம்'மைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டு அவள் விற்கப் போனதற்குக் கோபம் பாதி, எவனோ என்று தன்னையே திட்டிக்கொண்டதற்கு வெட்கம் பாதி. அவளும் விளையாட்டு கொஞ்சம் எல்லை மீறிப் போய்விட்டது என்று உணர்ந்து, பூஞ்சை வாடை போகத் துருத்தியை நிழலில் விரித்து வைத்துக் காற்றாட விட்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் அது வழக்கமில்லை.

நாலாவது நாள் ஆபீசில் போன் முனகியது.

"வணக்கம் மேடம். அந்த வாத்தியம் இண்ணும் விற்பனைக்கு இருக்கிறதா?"

"இல்லை சார். வீட்டுக்காரர் கொடுக்க மாட்டேன் என்கிறார்."

"அவர் நல்ல மனுஷராகத் தெரிகிறார்."

"ம்" என்று மட்டும் எழுதினாள்.

அந்த வாரமே இரண்டு பேருமாக அதை ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனார்கள். ரீடுகளை அதனதன் இடத்தில் பிடித்து வைக்கிற மெழுகெல்லாம் உலர்ந்து போயிருந்தது, துருத்தி மூலைகளில் ஓட்டை. இந்த விலைக்கு இன்னொன்றே வாங்கலாம் என்று ரிப்பேர்க்காரர் யோக்கியமாகச் சொன்னார். வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் கரண்டி அக்கா, ரிப்பேர் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார், கட்டுப்படியாகாது, விட்டுவிடு என்றுதான் சொல்லியிருப்பாள். இப்போது, "பரவால்ல, செய்ங்க" என்றாள்.

பீரோ மேல் ஆம்ப் ஏறியது. அக்கார்டியனுக்குக் கட்டில் ஓரத்தில் இடம் கிடைத்தது. அவர் கடை விட்டு வந்ததும் வாசிக்கிறார். சுமாராகத்தான் வாசிக்கிறார். பக்கத்தில் அவள் 'தும் தும்' என்று ஒத்து ஊதுகிறாள். கீழ்வீட்டில் குடியிருக்கும் நர்ஸ் ஒரு நாள் மேலே வந்து கதவைத் தட்டினாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"இல்லக்கா, வாசிங்க" என்றாள் நர்ஸ். "தினமும் அந்தப் பாட்டு பாதியிலேயே நின்னுடுது. மீதி எப்படிப் போகும்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

மீதி அவருக்கு இன்னும் வரவில்லை. நர்ஸை உட்காரச் சொன்னார்கள்.